தொடாதே என்று சொன்ன ஐந்தாவது ஆல்பம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து மேட்டூர் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும், என் இயர்போனைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி சுமதி கேட்டாள். "நீங்க உசுர உடற அந்த நியூ வேவ் பாட்டு குரூப்ப நானும் கேக்கலாம்னு இருக்கறனுங்க. எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கறது?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இன்றுதான் கேட்கிறாள். நிற்கவே தெம்பில்லை, ஆனாலும் அரை மணி நேரம் பேசினேன். முதல் ஆல்பத்தில் பக்குவம் போதாது, மூன்றாவதில் ஆரம்பி, ஐந்தாவதை மட்டும் தொடாதே, அது வெறும் வியாபாரம் என்றேன்.

"செரிங்க. தெனமும் குளிக்கறப்ப ஒண்ணு முணுமுணுப்பீங்களே, அது எதுல இருக்குதுங்க? எனக்கு அது போதும்."

அது ஐந்தாவதில் இருக்கிறது. "நெனப்பில்லையே" என்று சொல்லிவிட்டேன். இயர்போனைச் சுருட்டி என் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தோசை ஊற்றப் போனாள்.

நாளைக் காலையில் வாயை மூடிக்கொண்டு குளிக்க வேண்டும்.