மேல் பெட்டிதான் தலைவன்

மாப்ள,

கம்ப்யூட்டர்களை இணைக்கிற புது நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியைப் பிரித்தால் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் கலந்து ஒரு வாசம் வருமே, அது இன்னும் என் சட்டையில் இருக்கிறது. காலையில் திருமங்கலத்து ஆஸ்பத்திரியில் நான்கு பெட்டி பிரித்தேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் தனியாகப் பிரித்த முதல் நான்கு.

நம் கூட்டுத்தொழிலில் நான் ஏணி, நீ லேப்டாப். நான் வயர் இழுப்பேன், நீ செட்டிங் எழுதிக் கான்ஃபிகர் செய்வாய். நீ போனதும் நம் கடை இருக்கிற பழங்காநத்தத்தில் என் காதுபடவே பேசினார்கள். "மூளை போயிருச்சு, இனி ஏணிய வச்சு என்ன செய்ய?" இந்த வேலை சொதப்பியிருந்தால் கடையைச் சாத்தியிருப்பேன்.

சமயநல்லூர் மில் ஞாபகம் இருக்கிறதா? அடுக்கி இணைத்தால் நான்கு ஸ்விட்சும் ஒன்றாகிவிடும். அதில் ஒன்றுதான் தலைவன், அதில் எழுதியதுதான் மற்றதுக்கெல்லாம் சட்டம். நீ இரண்டு நாள் உட்கார்ந்து மேல் பெட்டியில் எழுதி வைத்திருந்தாய். நல்ல நேரம் முடியப்போகிறது என்று முதலாளி பறந்தார். நானும் மெயினைத் தட்டிவிட்டேன். நான்கும் ஒன்றாக எழுந்ததில் ஒன்றுமே எழுதாத மூன்றாவது பெட்டி தலைவனாகிவிட்டது. மில் முழுக்க நெட்வொர்க் இல்லை. பேயறைந்தவன் போல நின்றேன். நீயோ சிரித்தாய்.

"நேரம் நல்ல நேரந்தான் மாப்ள. தலைவன் யாருன்னு சொல்லி வைக்காதது என் தப்பு. மேல் பெட்டிக்குப் பிரையாரிட்டிய, அதான் முன்னுரிமை நம்பர, கூட்டிப் போட்டுட்டா, எம்புட்டு பேரு ஒண்ணா எந்திரிச்சாலும் அவந்தான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் எனக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்துத்தான் தட்டுவாய். தொணதொணப்பு என்று நான் திட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு ஆஸ்பத்திரி டாக்டரின் மாமனார் காலண்டரும் கையுமாக வந்தார். பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். காற்று போகிற துளையில் படாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

"தம்பி, நேரமாச்சு. மொத்தமாப் போட்டுரவா?"

ஒன்றொன்றாகப் போடலாம் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். காலையிலேயே வாய்விட்டுப் படித்துப் பிரையாரிட்டி போட்டுவிட்டேனே.

"போடுங்கய்யா."

நான்கும் ஒன்றாக எழுந்தன. கொஞ்ச நேரம் எல்லா விளக்கும் மினுக்கிக்கொண்டே இருந்தன. பிறகு மேல் பெட்டியில் தலைவன் விளக்கு பச்சையாக நின்றது. கீழே எடுத்த எக்ஸ்ரே மாடியில் டாக்டர் மேசையில் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் மாப்ள.

"கான்ஃபிகர் பண்ணது யாரு?" என்று டாக்டர் கேட்டார். இத்தனை வருடம் அந்தக் கேள்விக்கு உன் பக்கம் கை காட்டியே பழக்கம். இன்றைக்கும் கை முதலில் அங்கேதான் போனது. அதை மடக்கி நெஞ்சில் வைத்து, "நாந்தாங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன், உனக்கும் கேட்கட்டும் என்று.