திரையில் ஒரு பயந்த எலி

தங்கை பேரனுக்கு வெள்ளெலி வாங்க பொங்கோல் வட்டாரத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தேன். எலிக்கூண்டுகளில் பரப்பியிருந்த மரச்சீவலின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. அந்த வாசத்தோடுதான் மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்காருவாய். பக்கத்து மேசைக்காரர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். உனக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது.

எண்பதுகளில், பல்கலைக்கழக ஆய்வகத்தில் நாம் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தபோது உனக்கு எலிகள், எனக்குக் கணினி. கூட்டல் குறி வடிவில் உயரமாக ஒரு மேடை வைத்திருந்தாய். அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டுக்கு இல்லை. பதற்றமுள்ள எலி சுவர்ப் பக்கமே பதுங்கும். அந்த நடத்தையைக் கணினியில் கொண்டுவருவது என் வேலை. திரையில் எலி ஒரு பச்சைப் புள்ளி.

என் புள்ளி சுவருக்குள் போனால் போனதுதான். வெள்ளிக்கிழமை பேராசிரியருக்குக் காட்ட வேண்டும். சரியாக வராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் சும்மா இருப்பேனா? புள்ளி அவ்வப்போது கண்டபடி வெளியே தாவும்படி எழுதினேன். வெளியே இருந்த மொத்த நேரம் உன் எலிகளோடு அப்படியே ஒத்துப்போனது. உன்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். நீ திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உன் எலிகளிடம் திரும்பிப் போனாய்.

மறுநாள் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து தேக்கா சந்தையில் சாப்பிட உட்கார்ந்தோம். இடியாப்பத்தில் சர்க்கரையைத் தூவிக்கொண்டே சொன்னாய்: "கணக்கு சரிதான் லா. ஆனா அது எலி இல்லடி, வெட்டுக்கிளி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒத்துப்போகுதுல்ல, அப்புறம் என்ன?"

"நாளைக்கு லேபுக்கு வந்து சும்மா உக்காந்து பாரு."

வந்து பார்த்தேன். எலி பின்னங்கால்களைச் சுவருக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை நீட்டி, மூக்கை மட்டும் வெளியே விட்டது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது.

"பயம் இருக்கு. ஆனா வெளிய என்ன இருக்குன்னு பாக்காமயும் இருக்க முடியல," என்றாய். "நீ பயத்த மட்டுந்தான் எழுதியிருக்கே."

புதிதாக எழுதினேன். உள்ளே இருக்க இருக்க ஆவல் ஏறும். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பயம் கொஞ்சம் இறங்கும். நல்ல வேலை அது, இன்றும் தைரியமாகச் சொல்வேன். ஆனால் முழுதாகச் சோதிக்க நேரமில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் நின்றபடியே பார்த்தார். புள்ளி சுவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அசையவே இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழைய தாவும் எலியை நான் கணினியிலிருந்து அழிக்கவில்லை. ஒரு கட்டளை தட்டினால் போதும், அது ஓடும். என் கை விசைப்பலகைக்குப் போனது. நீ மணிக்கட்டைப் பிடித்தாய்.

"விடுடி. வரும்."

உன் விரல்கள் சில்லிட்டிருந்தன. திட்டத்தை மூடினால் முதலில் போவது உன் வேலைதான் என்று உனக்கும் தெரியும். ஆனாலும் பிடியை நீ தளர்த்தவில்லை.

புள்ளி மெல்ல எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. திரும்ப வந்து, இன்னும் கொஞ்சம் நீண்டு, பிறகு சுவரில்லாத கையின் நுனிவரை நடந்தது. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

போன வருடம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். சண்டை போட ஆளில்லாமல் எனக்குச் சாப்பாடுகூட ருசிக்கவில்லை. நான் இன்னும் அவசரக்காரிதான். சரியாகச் செய்த ஒரு காரியம் பலிக்கத் தாமதமானால், கை தானாக எதையாவது தட்டப் போகிறது. அப்போது மணிக்கட்டில் உன் பிடி விழுகிறது. நான் கையை எடுத்துக்கொள்கிறேன்.