முதல் கரண்டி

பிப்ரவரி 4

என் வாயாடி நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ அதைவிட நன்றாக இரு. புது மாப்பிள்ளை உன் பேச்சைத் தாங்குகிறாரா? உன் அண்ணன் கண்மூடிய பிறகு இந்த வீட்டில் நீதான் பேசிக்கொண்டிருந்தாய். இப்போது ரேடியோ பேசுகிறது.

தக்காளி காய்த்துத் தள்ளுகிறது. மண்டி விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது. சரியென்று நானே சாஸ் காய்ச்சி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோனேன். செய்தவளே வாங்குபவர் முன்னால் முதல் கரண்டி சாப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டமாயிற்றே! இத்தனை நாள் நீதான் சாப்பிட்டுக் காட்டினாய்; என் வயிற்றுக்குப் புளிப்பு ஆகாது. முகத்தைச் சுளித்தேன் போலிருக்கிறது, ஒரு அம்மா பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்க நாத்தனார் எங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. "அடுத்த வாரம் வந்துருவா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அறுவடை முடியும்வரையாவது வந்து இரு. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

அண்ணி

மார்ச் 1

அன்புள்ள அண்ணி,

தாமதத்துக்குத் திட்டிக்கொள்ளுங்கள். வயிறு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கேயும் விலை விழுந்தால் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? நாலு விவசாயி வீட்டுப் பெண்களைச் சேர்த்து, இவர் கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டிவிட்டேன். சனிக்கிழமை நாங்களே சந்தை போடுகிறோம். முதல் கரண்டி இங்கேயும் உண்டு, சிரிக்காதீர்கள். "அக்கா, நீங்க இல்லன்னா இதெல்லாம் மாட்டுக்குத்தான் போயிருக்கும்" என்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு எப்படி வருவேன், அண்ணி?

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. இங்கே இருக்கிற பாத்திரம் அடிப்பிடிக்கிறது. நம் பெரிய அண்டாவை அனுப்ப முடியுமா?

உங்கள் வாயாடி

மார்ச் 9

வாயாடிக்கு,

கோபம்தான். ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் ரோட்டில் கிடக்கும் பழத்தை நினைத்துக்கொண்டேன். யார் தோட்டத்துப் பழமானாலும் பாடுபட்டு விளைவித்ததுதானே.

அண்டாவைத் தேய்த்து லாரியில் ஏற்றிவிட்டேன். "ஏத்திட்டா மறுபடி இறக்க மாட்டேன், யோசிச்சுக்கங்கம்மா" என்றார் லாரிக்காரர். ஏற்றுங்கள் என்றேன். ஒரு பக்கக் கைப்பிடி ஆடும், துணி சுற்றிப் பிடி. சந்தையில் நாம் சாஸ் விற்ற மேசையையும் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். இனி தக்காளியை மண்டிக்கே போடுகிறேன், கிடைத்தது கிடைக்கட்டும்.

அண்டா போனதும் சமையலறை பெரிதாகிவிட்டது. அதைச் சுற்றிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, எத்தனை சண்டை போட்டிருப்போம்! இப்போது யாரும் இடிக்காமல் நிற்கிறேன், அடியே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணி