கடைசிப் பக்கத்தில் என் பேரு

14.6.2003
ஏம்மா செங்கொடி, நான் இன்னா செத்தா பூட்டேன்? கந்தகக் கப்பல்ல எறங்கறதுக்கு முன்னாடி கண்ணைச் சுத்தி தேங்காண்ணெ தடவுவோம்னு உன்கிட்ட சொன்னது யாரு? நானு. அதை உன் ஆராய்ச்சியில எழுதி, பக்கத்துல ஒரு நம்பரு போட்டுக்கீறே. கடைசிப் பக்கத்துல அந்த நம்பருக்கு யார் பேரு? எப்பவோ டேப்பு தூக்கினு ஹார்பருக்கு வந்த புரொபசர் பேரு! என் வாயைப் புடுங்கித்தான அந்தாளு புக்கே போட்டான்!

நேரில் கேட்டதற்கு மருமகள் சிரித்தாள். "அது புக்கு மாமா. பட்டனை அமுக்குனா சாஃப்ட்வேரே பேரு, வருசம் எல்லாம் கொண்டாந்து பட்டியல்ல போட்டுடும்."

"நான் எந்தப் பட்டனை அமுக்குனா வருவேன்?"

முறைத்துவிட்டுப் போனாள்.

16.6.2003
பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்த சாஃப்ட்வேரில் புத்தகத்துக்கு ஒரு கட்டம், பத்திரிகைக்கு ஒன்று, மேப்புக்குக்கூட ஒன்று. வாயால் சொன்ன ஆளுக்கும் இருக்கிறதாம். ஆனால் அதில் போட்டால் கடைசிப் பக்கத்தில் பேர் வராதாம். கலீஜ் சாஃப்ட்வேரு. மேப்புக்குக் கீற மரியாதை மனுசனுக்கு இல்ல.

17.6.2003
கோபத்தில் சாப்பிடவில்லை. டீ குடித்தேன். அது சேர்த்தியில்லை.

20.6.2003
செங்கொடி தன் கைடைக் கேட்டுவிட்டு வந்தாள். "பேட்டி குடுத்தவங்களையும் பட்டியல்ல போடலாமாம். ஆனா எல்லாம் நான்தான் கையால அடிக்கணும்."

அடித்தாள். ஜெயவேல், தண்டையார்பேட்டை, நேர்காணல். பன்னிரண்டாம் நம்பர். நான் நுழைந்ததும் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் தானாக ஒரு நம்பர் தள்ளிப்போனார்கள். புரொபசர் பதிமூன்று.

"தள்ளி நில்லு நைனா" என்றேன், ஸ்கிரீனைப் பார்த்து.

22.6.2003
ராயபுரம் டீக்கடையில் கமாலுதீன். ஹார்பரில் என்னோடு ஒரே கேங்கில் இருந்தவன். விடுவேனா? பெருமையடித்தேன்.

கிளாஸைக் கீழே வைத்தான். "இன்னா மாமு, மொத நாளு கப்பல்ல கண்ணு எரியுதுன்னு நீ அழுவும்போது, எண்ணெ தடவி உட்டு இதான் வழின்னு சொன்னது யாரு? எனுக்கு எங்க நம்பரு?"

அவன்தான். அவன் விரல்தான். பேஜாராப் பூச்சு.

23.6.2003
மெல்ல ஆரம்பித்தேன். "எம்மா, என் பேருக்கு முன்னாடி இன்னொரு பேரு—"

"நாளைக்கு பிரிண்ட் எடுக்கணும் மாமா!"

"கமாலுதீன்னு ஒருத்தன். அவன்தான் மொதல்ல என் கண்ணுல—"

முடிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உள்ளே கம்ப்யூட்டர் போடுகிற சத்தம்.

இனி நான் பதிமூணு.