கூடத்தில் ஒரு விளையாட்டு மிஷின்

மத்திய சிறை, சேலம்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள தேவிக்கு,

உன் வேல்முருகன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நீயும் சாப்பிடு. மனுப் போட்டு என்னைப் பார்க்க வரவேண்டாம் என்று சொன்னதில் வருத்தம் வைத்துக்கொள்ளாதே. கம்பிக்கு இரண்டு பக்கமும் ஐம்பது பேர் கத்துகிற இடத்தில் உன் வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கடிதத்தில் நிதானமாகப் பேசலாம்.

நேற்று உன் சின்னண்ணன் வந்திருந்தார். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையைக் காலி செய்கிறாராம். விபத்துக்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீட்ட நம் விளையாட்டு மிஷின் ஒன்றரை வருஷமாக அங்கேதான் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. "எங்க கொண்டுபோய் எறக்கறது மாப்ள?" என்று கேட்டார். நம் வீட்டைத் தவிர வேறிடம் தோன்றவில்லை.

உனக்கு அதைக் கண்டாலே ஆகாது என்று தெரியும். பத்து வயதில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில், ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே பொழுதைக் கழித்தவன் நான். பெங்களூரில் ஒருவர் பழைய மிஷினை விற்கிறார் என்றதும் ஓடினேன். வாங்கியும் இன்றுவரை ஒரு ஆட்டம் ஆடவில்லை.

ஆளுயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. படுக்க வைக்கக் கூடாது. நம் வாசற்படியில் நுழையாது. கதவைக் கீலோடு கழற்றச் சொல். கைப்பிடியும் பொத்தான்களும் இருக்கிற முன்பலகை நான்கு திருகில் தனியாக வந்துவிடும். வெறுந்தரையில் வைக்காதே, ஈரம் ஏறி மரம் உப்பிவிடும். கீழே பலகை போடு. சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், பின்பக்கம் சூடாகும். எலி நுழையாமல் பின் ஓட்டைக்குக் கம்பிவலை அடிக்கச் சொல்.

இப்படிக்கு,
வேல்முருகன்

சேந்தமங்கலம்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்ரீதேவி எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் இப்போதே காய்கிறது. கோழிப்பண்ணை ஆபீசில் எனக்குக் கணினி வேலை கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை.

வியாழக்கிழமை மிஷின் வந்துவிட்டது. சின்னண்ணனும் நான்கு ஆட்களும். கதவைக் கழற்றியும் விரல் அகலம் இடித்தது; கதவு நிலையில் பெயின்ட் உரிந்துபோனது. "படுக்க வெச்சுராதீங்கப்பா, ஒடம்பெல்லாம் கண்ணாடி" என்று சின்னண்ணன் கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, புது பீரோங்களா?" என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

பலகை போட்டாயிற்று, வலை அடித்தாயிற்று. கூடத்தில் டி.வி. இருந்த இடத்தில் நிற்கிறது. டி.வி.யைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். இடதுபக்கம் நீளமாகக் கயிறு அறுத்த தடம் இருக்கிறது. அதைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

மாமா, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றினாலும் எழுதுங்கள்.

ஸ்ரீதேவி

மத்திய சிறை, சேலம்
17 மார்ச் 2024

அன்புள்ள தேவிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒற்றை ஆளாக இருந்து இறக்கி வைத்திருக்கிறாய். கதவு நிலைக்கு நான் வந்து பெயின்ட் அடித்துக்கொள்கிறேன்.

சும்மாவே கிடந்தால் உள்ளே இருக்கிற பலகைகள் கெட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கால்மணி நேரம் ஓடவிடு. ஆனால் நம் கரண்டில் நேராகச் சொருகிவிடாதே. அது ஜப்பான் மிஷின், நூறு வோல்ட்தான் தாங்கும். சின்னண்ணனிடம் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, செங்கல் மாதிரி கனமாக இருக்கும். அதை நடுவில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பின்கதவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தப் பழைய பிக்சர் டியூபில் கரண்ட் தங்கியிருக்கும். தெரியாமல் தொட்டால் ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

வேறு எழுத என்ன இருக்கிறது? இங்கே எல்லா நாளும் ஒரே நாள்தான். படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்று எழுது.

வேல்முருகன்

சேந்தமங்கலம்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று ஓடவிட்டேன். முதலில் ஒரு முனகல், அப்புறம் கண்ணாடி மெல்ல நீலமாகி, சின்ன விமானம் ஒன்று கீழேயிருந்து வந்தது. பாட்டுச் சத்தம் தெருவுக்கே கேட்டது. படமும் நன்றாக இருக்கிறது, சத்தமும் நன்றாக இருக்கிறது. கால்மணி நேரமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், தொடவில்லை.

கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். உங்கள் இரண்டு கடிதத்திலும் எலி இருக்கிறது, ஈரம் இருக்கிறது, நூறு வோல்ட் இருக்கிறது. கந்தம்மாள் இல்லை. உங்கள் வண்டியில் அடிபட்டுச் செத்தவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

உங்களுக்குச் சொல்லாமல் நான் இரண்டு தடவை ஆட்டையாம்பட்டிக்குப் போய்வந்தேன். அவர் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பவர்லூம் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. நான் யாரென்று சொன்னதும் விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். "உங்க ஊட்டுக்காரர் மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. காலைல அவளுக்கும் எனக்கும் சண்டை. எங்கியாவது போய்த் தொலைன்னு சொல்லிப்புட்டன். மத்தியானம் போயே போயிட்டா. வண்டிக்குள்ள வேணும்னேதான் உழுந்திருக்கா" என்றார். இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னார்.

அவர் திடீரென்று குறுக்கே ஓடிவந்தார் என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னீர்கள். கோர்ட் நம்பவில்லை. நான் நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். நாச்சிமுத்துவும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அது அப்படித்தானா மாமா?

ஸ்ரீதேவி

மத்திய சிறை, சேலம்
9 ஜூன் 2024

தேவிக்கு,

இரண்டு மாதம் பதில் போடாததற்கு என்ன காரணம் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும். பேனாவை எடுப்பேன், வைப்பேன்.

அது அப்படியில்லை.

பெங்களூரில் ஏற்றும்போதே இன்னொரு கயிறு போடச் சொன்னார்கள். மழை வருவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. சேலம் தாண்டியதுமே குட்டியானை வண்டியின் பின்னால் தட்தட்டென்று சத்தம். நிறுத்திப் பார்த்திருக்கலாம். நிறுத்தவில்லை. ஆட்டையாம்பட்டி பிரிவு வரும்போது மிஷின் சாய்கிற மாதிரி பெரிய சத்தம் கேட்டது. தலையை முழுசாகத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மிஷின் கண்ணாடி உடைந்துவிடுமோ என்பதுதான் நினைப்பு. திரும்பினபோது வண்டி வெள்ளைக்கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கியிருந்தது.

அந்தம்மா ஓடிவரவில்லை. நடக்கக்கூட இல்லை. ரோட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில், பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் மஞ்சள் பை. பைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நொடிதான். ஆனால் அதில் எத்தனை காய் என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

ஓடிவந்தார் என்று முதலில் போலீசிடம் வாய் சொல்லிவிட்டது. அப்புறம் அதையே பிடித்துக்கொண்டேன். உன்னிடமும் சொன்னேன். மிஷினைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் மற்றதை எழுத வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டுமானால் காட்டு. அக்டோபரில் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். நீ வாசலில் நிற்பாயா என்று கேட்கத் தைரியம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வேல்முருகன்

சேந்தமங்கலம்
30 ஜூன் 2024

மாமாவுக்கு,

கடிதம் வந்து பத்து நாள் அலமாரியில் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டி போனேன்.

நாச்சிமுத்து தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் படிக்கப் படிக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முருங்கைக்காய் என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"அத இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"பை மஞ்சப் பைதாங்களா?"

"ஆமாங்கண்ணா, அப்படித்தான் எழுதியிருக்கார்."

"கொழம்பு வெக்க வாங்கியிருக்காளுங்க" என்றார். "எனக்கு முருங்கைக்காய்க் கொழம்புன்னா உசுரு. சண்டை போட்டா அன்னிக்கு அதத்தான் வெப்பா. ஊட்டுக்குத்தான் வந்துட்டிருந்திருக்கா." தறிப் பக்கம் திரும்பிக்கொண்டு, இவ்வளவு பெரிய மனிதர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவது தப்பு, இருப்பதும் தப்பு மாதிரி இருந்தது.

அப்புறம் உள்ளே போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து கந்தம்மாளின் போட்டோவை எடுத்து வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு வருஷமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தாராம். மாட்ட ஏறினபோது ஸ்டூல் ஆடியது, நான் பிடித்துக்கொண்டேன். ஆணி அடித்து மாட்டிவிட்டு, "நேரா இருக்குதுங்களா?" என்று கேட்டார். நேராக இருக்கிறது என்றேன்.

இறங்கிய பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "ரெண்டு வருசம் நான்தான் கொன்னன்னு படுத்து எந்திரிச்சேனுங்க. அந்தாள இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிப் போடுங்க. நீங்களும் இனி வராதீங்க" என்றார். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பிரிவில்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது மாமா. புளியமரம் இருக்கிறது.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதை மறந்துவிட மாட்டேன். ஆனால் கண்ணாடி உடைந்துவிடுமோ என்று திரும்பினதை மன்னித்துவிடலாம், யாருக்கும் நடக்கும். அந்த மனிதர் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றதாக நினைத்துப் படுத்த ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் தெரிந்திருந்த ஒரு பை முருங்கைக்காயை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பேச்சை ஊரெல்லாம் கொண்டுபோனவள் நான். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

மிஷினை விற்கவில்லை, உடைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மேலே போர்வை போட்டிருக்கிறேன். நீங்கள் வரும்போது இருக்கும். சாவி சின்னண்ணனிடம் கொடுத்திருக்கிறேன், வாசலுக்கு அவர் வருவார். நான் நாளை இளம்பிள்ளைக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

அங்கே மழை பெய்தால் இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நெஞ்சுச்சளி சீக்கிரம் பிடிக்கும்.

இனி எழுதினால் கீழே இருக்கிற முகவரிக்கு எழுதுங்கள். பதில் உடனே வராது.

ஸ்ரீதேவி
மே/பா. அகல்யா, மாரியம்மன் கோயில் தெரு, இளம்பிள்ளை