சும்மா அழுகை

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள்.

என் ஆராய்ச்சிதான் உங்களுக்குத் தெரியுமே. முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டதுபோல் நான் அழுவேன். இரண்டு வயதுக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்பது கேமராவில் பதிவாகும். சிலர் தடவிக்கொடுப்பார்கள், சிலர் பொம்மையை நீட்டுவார்கள். அந்த அழுகையை நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் நம் பாப்பாவிடம். முதலில் ஓடிவந்து முழங்காலில் ஊதினாள். "சும்மாடா கண்ணு, அம்மா வேலை பாக்கறேன்" என்று சிரித்துவிட்டு மறுபடி அழுவேன். வேண்டாம் என்றீர்கள். "உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று வாயை அடைத்தேன்.

நேற்று துடைப்பதற்காக உங்கள் அலமாரியைத் திறந்தேன். ஒரு சட்டைகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாப்பா எட்டிப் பார்த்தாள். பிறகு கரடிப் பொம்மையைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாத, அம்மா வேலை பாக்கறா" என்றாள்.

ஊரார் பிள்ளைக்கு இரக்கம் எப்போது வருகிறது என்று ஆராய்கிறவள், நம் பிள்ளைக்கு வந்திருந்ததை விரட்டிவிட்டேன். எழுதவே கூசுகிறது.

பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தைகள் எதையும் நம்புவார்கள். சனிக்கிழமை அவளைப் பார்க்க வரும்போது நான் அழுதால், வாசலிலேயே நின்றுவிடாதீர்கள். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். இது வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.

பாப்பாவின் அம்மா