முடிச்சில்லாத மஞ்சள் கயிறு

ஆனி கடைசி ஞாயிறு, இரவு.

என் அப்பா எங்களுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன மனையைப் பார்க்க இவர் இன்று என்னைக் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப்போனார். போன வருஷம் வரை நாணலும் கொக்குமாக இருந்த இடம். எல்லாவற்றையும் வழித்துத் தட்டையாக்கி, வாசலில் 'ரிவர் பீச்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

புரோக்கருக்கு ஒரே அவசரம். "ஆடி பொறந்துட்டா யாரும் பத்திரம் போட மாட்டாங்க மேடம். இந்த வாரமே முடிச்சிடலாங்க" என்றார். ஆடியில்தான் கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

வெட்டாமல் விட்டிருந்த ஒரே கருவேல மரத்தில், என் தலைக்கு மேலே, ஒரு மஞ்சள் கயிறு தொங்கியது. கூடவே ஒரு காதோலை. பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடுவோமே, அதேதான்.

"யாரோ வேண்டிக்கிட்டு கட்டியிருக்காங்க" என்றார் புரோக்கர்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கயிற்றில் முடிச்சே இல்லை. காய்ந்த சருகோடும் பிளாஸ்டிக்கோடும் சுற்றிக்கொண்டு கிடந்தது. வெள்ளம் கொண்டுவந்து மாட்டியது அது.

"ஏங்க, ஆடி கழிச்சு ஒரு தடவை வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமே" என்றேன். இவர் அண்ணாந்து அந்தக் கயிற்றைப் பார்த்தார். "நீ போய் பைக்கிட்ட நில்லு, வரேன்" என்றார். வருவதற்குக் கொஞ்சம் நேரமானது.

ராத்திரி துவைக்கப் போட எடுத்தபோது, இவர் சட்டைப் பையில் அந்தக் கயிறும் காதோலையும் இருந்தன.

நாளைக் காலை அப்பா மனை பார்க்க வருகிறார். மரத்தில் அவர் பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.